மீசைக் கோடு

முதலில் செதிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் என் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை பேச முடியாது.

காலையில் மெத்தை விரிப்பை உதறினால் பறக்கும். எங்கள் படுக்கையறைச் சன்னலில் வெயில் நேராக அடிக்கும். அந்த வெளிச்சத்தில் அது மிதந்து மிதந்து இறங்குவதை நின்று பார்க்கலாம். அவர் கழற்றிப் போட்ட சட்டையின் உள்பக்கத்தில் இருக்கும். நாற்காலிக் கைப்பிடியில் இருக்கும். குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையின் மேல் ஈரமாக ஒட்டிக்கொண்டு, விரலால் வழித்தால் பாலாடை மாதிரி வரும். ஒரு தடவை சர்க்கரை டப்பாவுக்குள் பார்த்தேன். டப்பாவோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். அன்றைக்கு, "டீயில ஏன் சக்கரை இல்ல?" என்று கேட்டார். "தீந்துடுச்சு" என்றேன். 

நான் ஒன்றும் பூ மாதிரி வளர்ந்தவள் இல்லை. சலவை நிலையத்தில் வேலை. ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் அழுக்குத் துணியைப் பிரித்துப் போடும் மேசை என்னுடையது. ரத்தக்கறை ஒரு கூடை, எண்ணெய்க்கறை ஒரு கூடை, மற்றதெல்லாம் ஒரு கூடை. அந்த 'மற்றது' என்னவென்று விளக்கினால் நீங்கள் இன்றைக்குச் சாப்பிட மாட்டீர்கள். அதையெல்லாம் கையுறை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசைக்காரியோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே பிரித்துவிடுவேன். ஒரு நாளும் மூக்கைப் பொத்தியதில்லை. முகம் தெரியாதவர்கள் விட்டுப்போன அழுக்கு அது, மாலையோடு மறந்துபோகும். வீட்டில் கையுறை போட்டுக்கொள்ள முடியுமா?

நோயின் பெயர் சொரியாசிஸ். பெயரிலேயே சொறி இருக்கிறது. ஒட்டாது, பரவாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று எல்லா டாக்டரும் சொன்னார்கள். எனக்கும் தெரியும். தெரிந்து என்ன? அருவருப்புக்கு அறிவு கிடையாது. முழங்கையில் ஆரம்பித்து, முழங்காலுக்கு வந்து, தலையோரத்தில் ஏறி, கடைசியில் விரல்களுக்கு வந்தது. நகமெல்லாம் ஊசியால் குத்தினதுபோல் குழி குழியாக, நுனியில் மஞ்சளாக, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டு நின்றது. அந்தக் கையால் அவர் என் தட்டிலிருந்து எதையாவது எடுத்தால் பிறகு அந்தத் தட்டு எனக்கு வேண்டாம். முதுகு வலி என்று சொல்லிவிட்டு நான் கூடத்துச் சோபாவில் படுக்க ஆரம்பித்தேன். அவரும் பாவம், தைலம் வாங்கி வந்து கொடுத்தார்.

அவருக்கு ஒரு தங்கை. எனக்கு நாத்தனார். வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர். வீட்டிலேயே தோல் டாக்டர் இருக்கும்போது உனக்கென்ன கவலை என்று கேட்பவர்கள் ஒரு தடவை அவள் வந்துபோகும்போது எங்கள் வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். கைப்பையைக் கீழே வைப்பதற்கு முன்னால் அண்ணனின் முழங்கையைப் பிடித்து, பேருந்து அட்டையின் விளிம்பால் செதிலைச் சுரண்டினாள். அடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, குலுக்கலில் பரிசு விழுந்த மாதிரி.

"பாத்தீங்களா அண்ணி! ஆஸ்பிட்ஸ் அறிகுறி. புத்தகத்துல போட்ட மாதிரியே வருது."

அவர் சொறிந்துகொண்ட கீறலின் வழியே வரிசையாகப் புதுப் படை வந்திருந்ததற்கு கோப்னர் என்றாள். பிறகு கட்டைவிரலைத் திருப்பி, நகத்தில் குறுக்கே ஓடிய பள்ளத்தைத் தடவிவிட்டு, "இது போ கோடு" என்றாள்.

"எங்க போகணும்?" என்றார் இவர்.

"ஐயோ அண்ணா, அது டாக்டர் பேரு. போன்னு ஒருத்தர். அவருதான் முதல்ல எழுதுனாரு."

"நகத்துல கோடு இருக்குன்னு எழுதறதுக்கு டாக்டரா இருக்கணுமா? எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே."

அண்ணனும் தங்கையும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆற்றுக்கு, மலைக்கு, தெருவுக்குத் தன் பெயர் வைக்க ஆசைப்படுகிறவனைப் புரிந்துகொள்ளலாம். அடுத்தவனுடைய படைக்கும் சீழுக்கும் சொத்தை நகத்துக்கும் போய்த் தன் பெயரை வைப்பானா ஒருவன்? என் பெயரை ஒரு சிரங்குக்கு வைத்தால் வைத்தவனைச் செருப்பால் அடிப்பேன். இவள் என்னடாவென்றால் அந்தப் பெயர்களைப் பெரியப்பா சித்தப்பா பெயர் மாதிரி உரிமையோடு சொல்கிறாள். இத்தனை பெயர் சொன்னாளே, கொடுத்தது என்ன? தார் வாடை அடிக்கும் ஒரு களிம்பு. சாலை போடுகிற இடத்தில் படுத்த மாதிரி இருக்கும். தலையணை உறையெல்லாம் கறுப்பு. எங்கள் நிலையத்தில் எந்தக் கூடையில் போட்டாலும் போகாத கறை. சில வாரத்தில் அவரே விட்டுவிட்டார்.

அவர் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்கூடத்தில் நின்று, வாங்க வருகிறவர்களின் முகத்தில் கண்ணாடியை மாட்டி, காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துச் சரிசெய்து, நிலைக்கண்ணாடியில் பார்க்கச் சொல்வார். கடையில் அவருக்குப் பெயரே மீசைக்காரர். நல்ல அடர்த்தியான மீசை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை சாயம் பூசிக் கருகருவென்று வைத்திருப்பார். உடம்பில் செதில் படியாத ஒரே இடம் அது என்பதால் அதன் மேல் அவருக்கு உயிர். ஒரு நாள் ஓர் அம்மாவுக்குக் கண்ணாடி மாட்டும்போது, அந்த அம்மா கன்னத்துக்குப் பக்கத்தில் வந்த விரலைப் பார்த்துவிட்டுத் தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தாள். கண்ணாடி தரையில் விழுந்து உடைந்தது. முதலாளி சத்தம் போடவில்லை. அடுத்த நாளிலிருந்து இவரைப் பின்னறையில் கண்ணாடி தேய்க்கும் இயந்திரத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டார். அது சன்னல் இல்லாத அறை. அங்கே யாரும் யாருடைய முகத்தையும் தொட வேண்டாம்.

அந்த வாரம் சாப்பிடும்போது தட்டை மடியில் வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஏன் அப்படி உட்காருகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.

சொறி படைக்குத் தூள் கொடுக்கும் தூள்காரர் ஒருவரைப் பற்றி இவரிடம் யார் சொன்னார்களோ தெரியாது. சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஓர் அறை. நானும் கூடப் போனேன். படிக்கட்டிலிருந்தே வரிசை. வரிசையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கால்சட்டையை மடித்துவிட்டுப் புண்ணைக் காட்டிக்கொண்டிருந்தார்கள், கல்யாணப் புகைப்படம் காட்டுவது மாதிரி. ஒருவர் புண்ணின் மேல் போட்டிருந்த கட்டைத் தானே அவிழ்த்து முகர்ந்து பார்த்தார். நான் கைப்பிடிச் சுவரைக்கூடத் தொடாமல் நின்றேன். உள்ளே தூள்காரர் சுத்தமான வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் கணவர், தங்கை சொன்ன பெயர்களையெல்லாம் ஒப்பித்தார். தூள்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பேரு வச்சவன் ஒருத்தனாவது குணப்படுத்துனானா? என் மருந்துக்குப் பேரே கிடையாது. வெறும் தூளு. காலையில ஒரு சிட்டிகை, பால்ல."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், என் மனதில் இருந்ததைத்தான் அந்த ஆள் சொன்னார். "குட்டிகிட்ட மட்டும் மூச்சு விடாத, தலைகீழா நிப்பா" என்று இவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். தங்கையை அவர் இன்னமும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்.

தூள் வேலை செய்தது. அதுதான் இந்தக் கதையின் கேடு. முழங்கையில் செதில் மெலிந்தது, உதிர்ந்தது, பிறகு வரவே இல்லை. விரல்கள் சிவப்பு மாறிப் பழைய நிறத்துக்கு வந்தன. விரிப்பை உதறினால் வெறும் தூசிதான் பறந்தது. முதலாளி இவர் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மறுபடி முன்கூடத்தில் நிறுத்தினார். எனக்கு முதுகு வலி நின்றது. சோபாவிலிருந்து தலையணையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். இத்தனை நாள் கழித்து ஒரு மனிதரின் தோளில் தலைவைத்தால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. வழவழவென்று இருந்தது. மீசை கழுத்தில் குத்தியது. அவர் அசையாமல் படுத்திருந்தார், அசைந்தால் நான் எழுந்து போய்விடுவேன் என்று பயந்தவர்போல.

சில மாதம் போயிற்று. பிறகு உள்ளங்கையில் சோள முத்து மாதிரி கெட்டி கெட்டியாக மேடுகள் வந்தன. பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டார். காலையில் பால் குடித்ததும் ஓடிப்போய் வாந்தி எடுப்பார். கழுவும் தொட்டியில் மஞ்சளும் பச்சையுமாகக் கிடக்கும். நகங்களில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது, பத்து விரலிலும் ஒரே உயரத்தில், சுண்ணாம்பில் நூலை நனைத்து அடித்த மாதிரி. தூள்காரரிடம் காட்டினார். நோய் நகம் வழியாக வெளியே போகிறது, இன்னும் ஒரு சிட்டிகை கூட்டிக்கொள் என்றாராம். கூட்டிக்கொண்டார்.

எனக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. அவர் தூங்கும்போது விரல்களைப் புகைப்படம் எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். தூளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

அவள் கூப்பிட்டபோது நான் வேலையில் இருந்தேன். உலர்த்தும் இயந்திரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவள் கத்தினாலே பாதிதான் கேட்கும். வெளியே போக மேற்பார்வைக்காரர் விடமாட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு துணி மூட்டைகளுக்கு நடுவே குனிந்து நின்றேன்.

"அண்ணி, போட்டோ பாத்தேன். அது மீஸ் கோ..."

"என்னது, மீசையா?"

"ஆமா, மீஸ், மீஸ்! விஷம் அண்ணி அது... உள்ள இறங்கிட்டே இருக்கு... சனிக்... உடனே எடுத்துடணும்..."

"சரி, சரி. எடுக்கச் சொல்றேன்."

"என்ன சாப்பிடறான் அவன்?"

"எப்பவும் சாப்பிடறதுதான்."

"அதை நிறுத்தச் சொல்லுங்க. எடுத்துட்டு எனக்குச் சொல்லுங்க."

வைத்துவிட்டாள். எனக்குத் தெளிவாகப் புரிந்தது. மீசைச் சாயம். அந்தப் பெட்டியின் பின்னால் எறும்பு எழுத்தில் ஒரு பக்கம் எச்சரிக்கை போட்டிருப்பார்களே. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூக்குக்கு அடியிலேயே விஷத்தைப் பூசிக்கொண்டால் அது உள்ளே இறங்காமல் என்ன செய்யும்? சனிக்கிழமைக்குள் மீசையை எடுத்துவிட வேண்டும். படித்தவள் சொன்னால் காரணம் இருக்கும். தூளின் மேல் பழி விழவில்லை என்பதில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது. பாதி காதில் விழுந்ததை மனதுக்குப் பிடித்த மாதிரி நிரப்பிக்கொண்டேன்.

"மீசையா? என் மீசையையா?" என்றார் இவர்.

"உங்க தங்கச்சிதான் சொன்னா. விஷமாம்."

"அவளுக்கு என்ன தெரியும்? வேற யாராவது பெரிய டாக்டர்கிட்ட கேக்கலாமே."

"கேட்டா அவரு தலையையே எடுக்கச் சொல்லுவாரு. உயிர் வேணுமா மயிர் வேணுமா?"

சனிக்கிழமை காலையில் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். வெகு நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் வந்தது. வெளியே வந்தவரைப் பார்த்து நான் சிரிக்காமல் இருக்க முந்தானையைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மேலுதடு வெளிச்சமே பார்க்காமல் வெளுத்து, உரித்த வெங்காயம் மாதிரி பளபளத்தது. அதைப் பார்க்கவும் எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. கல்லைப் புரட்டினால் அடியில் நெளிவதைப் பார்த்தது போல. கழுவும் தொட்டி முழுக்கக் கறுத்த முடி. வழித்துப் போட்டேன்.

நாத்தனாரிடமிருந்து செய்தி வந்தது: எடுத்தாச்சா? எடுத்தாச்சு என்று அனுப்பினேன். நிறுத்திட்டானா? நிறுத்திட்டாரு. அப்பாடா என்று பதில் வந்தது.

சாயம் நின்றது. மீசை போனது. தூள் மட்டும் நிற்கவில்லை. அவர் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒரு காலில் செருப்போடு கடையிலிருந்து வந்து நின்றார்.

ரிசல்ட் எங்கே, ரிசல்ட் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு நான், "பாக்கத்தான் ஒரு மாதிரி இருக்கு, போகப் போகச் சரியாயிடும்" என்று எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவளுக்கு ஏதோ தட்டியிருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பி வந்துவிட்டாள். கதவைத் திறந்த அண்ணனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மீசை எங்கண்ணா?"

"நீதான எடுக்கச் சொன்ன?"

"நான் எப்ப சொன்னேன்? ரத்தம் எடுக்கச் சொன்னேன்!"

நான் இருவருக்கும் நடுவில் வந்தேன். "மீசையில விஷம், சனிக்கிழமைக்குள்ள எடுக்கணும்னு நீதான சொன்ன? என் காதால கேட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பையைப் பிடித்தபடி அப்படியே சோபாவில் உட்கார்ந்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன். அழுதாள்.

"அது மீசை இல்ல அண்ணி. மீஸ். மீஸ் கோடு. அப்படி ஒரு டாக்டரு. சனிக்கிழமையும் இல்ல. ஆர்சனிக். பாஷாணம் அண்ணி, பாஷாணம். அவனுக்கு யாரோ பாஷாணம் குடுத்துட்டிருக்காங்க."

 அவர் சுவரைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய்ப் பால் பாத்திரத்துக்குப் பின்னால் இருந்த தூள் டப்பாவைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன். அவள் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் காலத்தில் இந்த நோய்க்குப் பாஷாணத்தையே மருந்தாகக் கொடுத்தவர்கள் இருந்தார்கள், தோல் சுத்தமாகிவிடும், ஆள் போய்விடுவான் என்று மட்டும் சொன்னாள். எந்த டாக்டர் பெயரும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் அவரைப் போட்ட வார்டில், தினமும் காலையில் பெரிய டாக்டர் ஒருவர் பின்னால் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு வருவார். "கையை நீட்டுங்க" என்பார். இவர் நீட்டுவார். ஒவ்வொருவராகக் குனிந்து, நகத்தை வெளிச்சத்தில் திருப்பி, போனில் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். மீஸ், மீஸ் என்று ஈ மொய்க்கிற சத்தம் மாதிரி இருக்கும். முகத்தை நிமிர்ந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஊசி போட்டார்கள், சிறுநீரைக் குடம் குடமாகப் பிடித்துக்கொண்டு போனார்கள், சிறுகச் சிறுக விஷம் இறங்கிற்று. பாதத்தில் உணர்ச்சி பாதிதான் திரும்பியது. தூள்காரரின் அறைக்கு நாத்தனார் அதிகாரிகளோடு போனபோது அங்கே பூட்டுத் தொங்கியதாம். நாறுகிற பஞ்சு மட்டும் படிக்கட்டில் கிடந்ததாம்.

"இன்னொரு தடவை உள்ள போச்சுன்னா நரம்பு, கல்லீரல் எதுவும் தாங்காது. ஆளே மிஞ்ச மாட்டான் அண்ணி" என்று சொல்லிவிட்டு அவள் ஊருக்குப் போனாள். புதிதாக ஏதோ மாத்திரை எழுதிக்கொடுத்தாள். மெதுவாகத்தான் வேலை செய்யும், பொறுமை வேண்டும் என்றாள்.

பொறுமையாக இருக்கச் செதிலுக்குத் தெரியுமா? அடக்கி வைத்ததற்கெல்லாம் வட்டி போட்ட மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. முழங்கை, முழங்கால், முதுகு, காது மடல். இந்தத் தடவை அடியில் நீர் கசிந்தது. சட்டை ஒட்டிக்கொண்டு, கழற்றும்போது உரிகிற சத்தம் கேட்கும். ஒருவித ஈர வாடை. எங்கள் மேசைக்கு வந்தால் நான் இரண்டு விரலால் தூக்கி 'மற்றது' கூடையில் போட்டிருக்கக்கூடிய சட்டை. முதலாளி மறுபடி அவரைப் பின்னறைக்கு அனுப்பினார். எனக்கு மறுபடி முதுகு வலி வந்தது. இந்தத் தடவை அவர் தைலம் வாங்கி வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவர் படுக்கையறையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தார். தடித்த விரல், வழுக்கும் பொத்தான். இன்றைக்குள் முடிக்க மாட்டார் என்று நானே குனிந்து போட்டுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாதே என்று விரல்களைப் பார்த்தேன். பழைய வெள்ளைக் கோடு வளர்ந்து வளர்ந்து நுனிக்கு வந்துவிட்டது. அடுத்த தடவை நகம் வெட்டினால் போய்விடும். அதற்குக் கீழே, நகம் முளைக்கும் இடத்தை ஒட்டி, இன்னொரு வெள்ளைக் கோடு.

எல்லா விரலிலும்.

பொத்தானைப் பிடித்தபடியே நின்றேன். ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் குனிந்து பார்த்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கும் அந்தக் கோடு தெரிந்துபோயிருந்தது. விஷம் உள்ளே போனால் கொஞ்ச நாள் கழித்து அடி நகத்தில் கோடு வரும். பழைய கோட்டுக்குப் பழைய தூள். புதுக் கோட்டுக்கு?

"எங்க வச்சிருக்கீங்க?"

"எதை?"

"மரியாதையா எடுத்துக் குடுங்க. இல்ல, வீட்டைத் தலைகீழாப் புரட்டிடுவேன்."

கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அலமாரியைத் திறந்தேன், சட்டைகளை வாரிக் கீழே போட்டேன், மெத்தையின் ஓரத்தைத் தூக்கினேன். கடைசியில் கடையிலிருந்து அவர் கொண்டுவரும் கண்ணாடிக் கூடு ஒன்றுக்குள், துடைக்கும் துணிக்கு அடியில், பொட்டலம் இருந்தது. பாதி காலி. அறையைப் பூட்டிக்கொண்டு ஓடிப்போன தூள்காரனை எங்கே போய்த் தேடிப் பிடித்தாரோ. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்ததெல்லாம் பேசினேன். நரம்பு செத்த காலோடு இழுத்து இழுத்து நடந்துபோய் விஷம் வாங்கி வருகிற மனிதனைப் பார்த்தால் காறித் துப்பத் தோன்றுகிறது என்றேன். துப்பவில்லை, அவ்வளவுதான்.

"செத்துப் போயிடுவீங்கன்னு அவ சொன்னாளே, காதுல விழலியா? அந்தக் கண்ணாடிக்கடை முன்கூடம் அவ்வளவு முக்கியமா? எவளோ ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கிட்டா போறா! அவளுக்காகவா சாகறீங்க?"

"அவளுக்காக இல்ல."

"பின்ன யாருக்காக?"

அவர் போர்வையின் மேல் விழுந்திருந்த செதில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிடக் கூடாது என்று அவர் எப்போதும் செய்கிற வேலை அது. இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் செய்துகொண்டிருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. நான் காலையில் உதறியதெல்லாம் அவர் பொறுக்கியது போக மிச்சம்.

"அந்தத் தூளு குடிச்ச கொஞ்ச மாசந்தான் நீ உள்ள வந்து படுத்த" என்றார். கோபமில்லாமல், கடையில் ஒரு வாடிக்கையாளருக்கு விலை சொல்வது போலச் சொன்னார். "முதுகு வலின்னு நீ சொல்லுவ. எனக்குத் தெரியும். நான் மட்டும் என்ன, என் கையைப் பாத்தா எனக்கே பிடிக்கல. உன்னைக் குத்தம் சொல்லல. ஆனா அப்படி இருந்துட்டு, மறுபடி இப்படி இருக்கறது... முடியலடி."

நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். கொட்டி, தண்ணீர் விட்டு, மறுபடி விட்டு, காகிதத்தையும் கிழித்துப் போட்டேன். கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். நாத்தனாரைக் கூப்பிட்டு, "குட்டி, மறுபடி குடிச்சிருக்காரு. புதுக் கோடு வந்திருக்கு. நீ சொன்ன மீஸ் கோடு" என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். இப்போதே கிளம்புகிறேன், அதற்குள் அங்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், நான் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்றாள். வண்டிக்குச் சொன்னேன். வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்றார்கள்.

படுக்கையறைக்குத் திரும்பி வந்தேன். அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சட்டை தூக்கிக்கொண்டு முதுகு தெரிந்தது. சிவந்து, வெள்ளையாகப் பொருக்குத் தட்டி, ஓரங்களில் ஈரம் மினுங்கிக்கொண்டு. அந்த வாடை. எனக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டியது. அது போய்விட்டது என்றோ, அன்பில் மறைந்துவிட்டது என்றோ நான் சொல்ல மாட்டேன். அப்படியேதான் இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் முழு உள்ளங்கையை வைத்தேன். சூடாகவும் சொரசொரப்பாகவும் இருந்தது. கைக்கு அடியில் செதில் நொறுங்குவது தெரிந்தது.

அவர் உடம்பு விறைத்தது. திரும்பவில்லை.

"குமட்டுதா?" என்றார் சுவரிடம்.

"குமட்டுது" என்றேன். "வண்டி வர்ற வரைக்கும் கொஞ்சம் தள்ளிப் படுங்க. எனக்கு எடம் வேணும்."